கொரோனா போன பிறகும் ஏழாவது மாடி

(தாராவியில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கிளினிக்கைப் பூட்டிவிட்டு நமக்காக வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, ஒலிபெருக்கிக்கு வாடகை வாங்க மறுத்த பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தும் 90 அடி சாலையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். வார்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நாற்காலியும் சால்வையும் தயார். வந்ததும் என் பேச்சை நிறுத்திப் போர்த்திவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இன்று மூன்று விஷயம். ஒன்று, கொரோனா போன பிறகும் போகாத தொல்லைகள். இரண்டு, மீளும் வழி. மூன்று, தடுப்பூசி.

தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1. இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் லட்சக்கணக்கான சனம். இங்கே பிணமாகக் குவியும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பெருமைதான். ஆனால் 'குணமடைந்தவர்' கணக்கில் ஏறியவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே குணமானார்கள்? எங்கள் சந்தில் யாரும் வந்து கேட்கவில்லை.

இதற்கு லாங் கோவிட் என்று பெயர். தொற்று வந்து மூன்று மாதம் ஆகியும் தொல்லை இருந்து, அது குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோய் எதையும் காரணமாகச் சொல்ல முடியாவிட்டால் அது இதுதான் என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. தொற்று வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேருக்கு இப்படி ஆகிறது என்று அதே நிறுவனம் சொல்கிறது. அசதி, மூச்சிரைப்பு, எழுந்து நின்றாலே படபடப்பு, கேஸ் கசிந்தாலும் தெரியாத மூக்கு, கடுகு போட்டோமா இல்லையா என்று அடுப்பு முன்னால் நின்று யோசிக்க வைக்கும் மறதி. லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

எங்கள் கட்டடத்தில் ஓர் இட்லி அண்ணாச்சி இருக்கிறார். சைக்கிளில் அண்டாவைக் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு போவாரே, அந்த வியாபாரம். 2021 இரண்டாம் அலையில் படுத்தார், பிழைத்தார். எக்ஸ்ரே சுத்தம், ஆக்சிஜன் அளவு சரி, "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மச்சினன்மார் சோம்பேறி என்றார்கள். ஒரு நாள் உடம்பு தெம்பாக இருந்ததாம். விட்டதைப் பிடிக்கலாமென்று இரண்டு அண்டா இட்லி ஏற்றி, நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, லிஃப்ட் ஓடாததால் காலி அண்டாக்களோடு ஏழு மாடி ஏறியிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் படுத்தவர் அந்த வாரம் முழுக்க எழவில்லை.

அவர் வீட்டு அக்காதான் வைத்தியம் கண்டுபிடித்தார். "பாதி அண்டா போதும்ங்க. இட்லி கிடைக்காதவன் வடாபாவ் தின்னட்டும்" என்றுவிட்டார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூலும் போட்டார். அண்ணாச்சி அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே போவார். பொதுவழியில் பொருள் வைக்கக் கூடாதென்று சொசைட்டியிலிருந்து, அதாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து, நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா நோட்டீஸைக் கிழித்து ஸ்டூலைத் துடைத்தார். அப்புறம் கணபதிப் பந்தலுக்கு யாரோ ஸ்டூலைத் தூக்கிப் போக, அக்கா பந்தலுக்கே போய், பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, அதன் மேலிருந்த பூத்தட்டை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலோடு வந்தார். (சிரிப்பு) இப்போது அந்த ஸ்டூலுக்கு வரிசை நிற்கிறது! கர்ப்பிணி, முழங்கால் வலிக்காரர், சிலிண்டர் தூக்கும் பையன், எல்லாரும்.

பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்பார் என் ஆச்சி. டாக்டர்கள் சொல்வதும் அதுதான். இந்த நோயில் பலருக்குச் சிரமப்பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அடுத்த நாளோ ஆளைச் சாய்க்கும். அதனால் தெம்பான நாளிலும் அளவோடு வேலை செய்ய வேண்டும். உட்கார்ந்தே காய் நறுக்குங்கள். இரைத்தால் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, மூக்கால் இழுத்து, குவித்த உதட்டால் மெதுவாக விடுங்கள். படி ஏறும்போது காலை ஊன்றி எழும்பும் நேரத்தில் மூச்சை விடுங்கள். சும்மா இருக்கும்போதே இரைத்தாலோ நெஞ்சு வலித்தாலோ ஆச்சி பழமொழி உதவாது, உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்குப் புதிதாக வந்திருக்கிறது.

சரி, பையத் தின்னலாம். ஆனால் ஏழு மாடியை எப்படிப் பையத் தின்பது? குடிசையில் இருந்தபோது வாசலிலேயே உட்காரலாம். மாற்றுக் குடியிருப்பு என்று ஏழாவது மாடியில் ஏற்றிவிட்டார்கள், லிஃப்டும் தந்தார்கள், ஓட்டுவதற்கு ஆளில்லை. அசதிக்காரருக்கு நடப்பதே கணக்கு பார்த்துச் செய்ய வேண்டிய செலவு. அவரிடம் போய் மருந்துக்கு ஏழு மாடி இறங்கு, ஏறு என்றால் அவர் மருந்தை விட்டுவிடுவார். நுரையீரலுக்கு டாக்டரம்மா இருக்கிறார். லிஃப்டுக்கு யார் இருக்கிறார்? மாநகராட்சியும் சொசைட்டியும் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள்.

தடுப்பூசி பற்றிச் சொன்னேன் இல்லையா? போட்டவர்களுக்கு லாங் கோவிட் வரும் வாய்ப்பு குறைவு. அதோடு விடுகிறேன், லிஃப்டுக்கு நேரம் வேண்டும்.

வாசலில் மேஜை போட்டு மனு வைத்திருக்கிறோம். கேட்பது மூன்றே: ஓடுகிற லிஃப்ட், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர், ஒன்றுவிட்ட மாடிதோறும் உட்கார ஒரு திண்ணை. வீட்டு எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள், ரேகை வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது. மேல்மாடிக்காரர்கள் எப்படியும் போட்டுவிடுவீர்கள். தரைத்தளத்துக்காரர்களைத்தான் கேட்கிறேன், லிஃப்ட் பராமரிப்புப் பணம் எங்களுக்கெதற்கு என்று பாக்கி வைத்திருப்பது நீங்கள்தான்.