ஜெனோவாவுக்குப் போன கடிதம்

அன்பர்களே, வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஜார்ஜிய நாட்டுக் கத்தோலிக்கோஸ், அதாவது அந்த நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர், அம்புரோசி கெலாயா. 1861-இல் மார்ட்விலியில் பிறந்தவர். அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, 1811-இல், அவருடைய திருச்சபையின் சுதந்திரம் பறிபோயிருந்தது. அங்கிருந்து தொடங்கினால்தான் இவரைப் புரிந்துகொள்ள முடியும்.

ஐந்தாம் நூற்றாண்டிலிருந்தே தங்களுக்கென்று ஒரு கத்தோலிக்கோஸை வைத்திருந்த சபை அது. ரஷ்யப் பேரரசு 1801-இல் நாட்டை இணைத்துக்கொண்டது. பத்தே ஆண்டில் சபையையும் எடுத்துக்கொண்டது. ஆயர்களின் எந்தச் சங்கமும் கூடி முடிவெடுக்கவில்லை, ஜாரின் ஆணை ஒன்றே போதுமானதாக இருந்தது. கத்தோலிக்கோஸ் இரண்டாம் அந்தோணி பீட்டர்ஸ்பர்க்குக்கு வரவழைக்கப்பட்டார், ரஷ்யாவிலேயே இறந்தார். அவருக்குப் பதிலாக ‘எக்சார்க்’ என்றொரு பிரதிநிதி. முதல் எக்சார்க் ஜார்ஜியர், அப்புறம் வந்த அத்தனை பேரும் ரஷ்யர்கள். வழிபாட்டில் ஸ்லாவிய மொழி நுழைந்தது. பல நூற்றாண்டுச் சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். இதைச் செய்தவர்கள் வேற்று மதத்தவர்கள் அல்லர். அதே சிலுவை, அதே சடங்கு, அதே விசுவாசம் கொண்டவர்கள்.

அம்புரோசி முதலில் மணமான பாதிரியார். மனைவி இறந்த பிறகு துறவியானார். கசான் இறையியல் கழகத்தில் படித்துவிட்டு, செலிஷி மடத்துக்குத் தலைவராக வந்தார். அந்த மடத்தில் கிடந்த பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான், ஜார்ஜியா கிறிஸ்தவத்துக்கு வந்த வரலாற்றைச் சொல்லும் ‘கார்ட்லியின் மனமாற்றம்’ நூலின் பிரதி ஒன்று அவர் கையில் சிக்கியது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். “உங்கள் சபை எப்போது சுதந்திரமாக இருந்தது?” என்று கேட்டவர்களுக்கு ஏட்டைக் காட்டிப் பதில் சொல்லக்கூடியவராக அவர் வளர்ந்தார்.

1905 மே மாதம் தலைநகர் திபிலிசியில் கூடி உரிமை கேட்ட குருமார்களை ஜாரின் குதிரைப்படையான கோசாக் படையினர் அடித்துக் கலைத்தார்கள். அங்கி போட்ட பாதிரிமார் மேல் சாட்டை! 1908-இல் எக்சார்க் நிக்கோன் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் சுதந்திரம் கேட்டவர்கள்மேல் விழுந்தது. அம்புரோசி ரஷ்யாவின் ரியாசானில் ஒரு மடத்தில் அடைக்கப்பட்டார்.

1917-இல் ஜார் முடிதுறந்த பத்தாம் நாள், பழைய தலைநகரான ம்ட்ஸ்கேட்டாவில் ஜார்ஜிய ஆயர்களும் மக்களும் கூடித் தங்கள் சபை சுதந்திரமானது என்று அறிவித்தார்கள். மாஸ்கோ, அதாவது ரஷ்யத் திருச்சபை, ஒப்புக்கொள்ளவில்லை. புதிய கத்தோலிக்கோஸ் இரண்டாம் கிரியோன் மறு ஆண்டே மார்ட்கோபி மடத்தில் சுடப்பட்டுக் கிடந்தார். அடுத்து வந்த லியோனிட் 1921-இல் காலராவில் போனார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனை நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் அம்புரோசி தலைமைக்கு வந்தார்.

சபையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அவர் வாய் மூடி இருந்திருக்கலாம். பலரும் அதைத்தான் விவேகம் என்பார்கள். அவர் 1922 பிப்ரவரியில், இத்தாலியில் ஐரோப்பிய நாடுகள் கூடவிருந்த ஜெனோவா மாநாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆக்கிரமிப்புப் படை வெளியேற வேண்டும், தங்களுக்கு எந்த ஆட்சி வேண்டும் என்பதை ஜார்ஜிய மக்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நாடு அடிமையாகவும் சபை சுதந்திரமாகவும் இருக்க முடியாது என்று அவர் நம்பியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாநாடு கேட்டதா? இல்லை. சோவியத் அரசு கேட்டது. அவரைக் கைது செய்தது. 1924 மார்ச்சில் திபிலிசியில் விசாரணை. ஜெனோவா கடிதம் ஒரு குற்றம். கோயில் பொக்கிஷங்களை அதிகாரிகள் கையில் சிக்காமல் ஒளித்து வைத்தது இன்னொரு குற்றம். அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் நீதிமன்றத்தில் சொன்னது ஜார்ஜியாவில் இன்றும் பேசப்படுகிறது: என் ஆன்மா கடவுளுக்கு, என் இதயம் தாய்நாட்டுக்கு, என் உடலை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

எட்டு ஆண்டு சிறை என்று தீர்ப்பு. அந்த ஆகஸ்டில் குட்டாய்சி பேராயர் நசாரி சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அம்புரோசியை விடுவித்தார்கள்; ஆனால் உடம்பு உருக்குலைந்திருந்தது. 1927 மார்ச் 29 அன்று காலமானார். திபிலிசி சியோனி பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் கேட்ட அங்கீகாரத்தை மாஸ்கோ 1943-இல் கொடுத்தது. அதையும் நியாயம் உணர்ந்து கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. போர்க்கால நெருக்கடியில் ஸ்டாலினுக்குத் திருச்சபைகளின் ஆதரவு தேவைப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் முதலிடம் பெற்ற கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபை அங்கீகரிக்க 1990 வரை எடுத்துக்கொண்டது. 1995-இல் ஜார்ஜியத் திருச்சபை அம்புரோசியைப் புனிதராக அறிவித்தது.