புலம்பு என்றால் பேச்சு இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

"யாருகிட்டடா புலம்பிக்கிட்டிருக்கே?" வீடுகளில் அன்றாடம் கேட்கிற கேள்விதான். யாரிடமும் இல்லை என்பதே விடை. அந்த விடை 'புலம்பு' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தொல்காப்பியத்தில் உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியான உரியியலில் இரண்டே சொல்லில் ஒரு நூற்பா: 'புலம்பே தனிமை'. பேச்சு, அழுகை, ஓசை எதுவும் அதில் இல்லை. வெளிப்படையாக விளங்கும் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்த இயலின் கொள்கை. ஆக, விளக்கம் தேவைப்பட்ட சொல்லாகவே இதைத் தொல்காப்பியர் எடுத்திருக்கிறார்.

குறுந்தொகை 46ஆம் பாட்டைப் பாருங்கள். வாடிய ஆம்பல் பூப்போல் சிறகு மடிந்த வீட்டுக்குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருப்புழுதியில் குடைந்தாடி, வீட்டுக் கூரையின் இறப்பில் தன் குஞ்சுகளோடு அடைகிறது. 'புன்கண் மாலையும் புலம்பும்', அதாவது துன்பம் தரும் மாலையும் புலம்பும், தலைவன் போன நாட்டில் இல்லையோ என்று தோழியைக் கேட்கிறாள் தலைவி. குருவிக்குக்கூடத் துணை இருக்கிறது. அவளுக்கு இல்லை. இங்கே புலம்பு என்பதற்கு 'அழுகை' என்று பொருள் கொண்டால் குருவி எதற்கு வந்தது என்றே தெரியாமல் போகும்.

41ஆம் பாட்டில் 'புலப்பில்' என்று வருகிறது. அகராதியில் அப்படியே தேடினால் அகப்படாது. இரும்பு, பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறதல்லவா? அதேபோல் புலம்பு, வீடு என்று பொருள்படும் 'இல்'லோடு சேர்ந்து புலப்பில் ஆயிற்று. ஆட்கள் விட்டுப்போய், முற்றத்தில் அணில் விளையாடும் வீடு அது. பேச ஒருவருமில்லாத வீட்டுக்கே புலம்பு இருக்கிறது!

பழைய நூல்களில் இந்தச் சொல்லைத் தேடும்போது இரண்டு இடங்களில் வழுக்கும். திருக்குறள் 130ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. இது புலம்பல் அல்ல. புலத்தல் என்றால் ஊடுதல், பிணங்குதல். நெஞ்சோடு பேசுவதற்கு வள்ளுவர் வைத்த பெயர் வேறு: 125ஆம் அதிகாரம், 'நெஞ்சொடு கிளத்தல்'. அடுத்தது, நெய்தல் பாட்டுகளில் வரும் மெல்லம்புலம்பன். அவன் புலம்பித் திரிகிறவன் அல்லன், கடற்கரைத் தலைவன்.

தனிமையும் வாய்ச்சொல்லும் ஒன்றாய்க் கலந்து நிற்பதைத் திருவாசகத்தின் 'திருப்புலம்பல்' பகுதியில் பார்க்கலாம். மூன்றே பாட்டு. 'உற்றாரை யான்வேண்டேன் ஊர்வேண்டேன் பேர்வேண்டேன்' என்று ஒவ்வொன்றாக உதறிவிட்டுப் பேசுகிற குரல். திருப்புலம்பல் என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான அடி கிடையாது என்பேன். சித்தர் பத்திரகிரியாரின் மெய்ஞ்ஞானப் புலம்பலில் கண்ணிதோறும் 'எக்காலம்' என்ற கேள்வி வரும். பதில் சொல்ல எதிரே ஆள் கிடையாது.

இன்றைக்கு இந்தச் சொல்லை மற்றச் சொற்களோடு குழப்பிவிடுகிறோம். காய்ச்சலில் தொடர்பில்லாமல் பேசுவது பிதற்றல், பேச்சுவழக்கில் பினாத்தல். வலியில் வருவது முனகல். முணுமுணுப்பு அரைகுறையாகவாவது அடுத்தவர் காதில் விழட்டும் என்று செய்வது, அதில் குறை சொல்லும் நோக்கம் உண்டு. புலம்புகிறவருக்கு அந்த நோக்கம் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போதும் புலம்பலாம். "என்ன சொன்னே?" என்று அவர் திரும்பிக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும்.