வீட்டை விட்டு வர முடிவெடுக்காதவரும் அழைக்கலாம்

(திரையில்: எண்ணை அழுத்திவிட்டு, அழைப்பதா வேண்டாமா என்று தயங்கும் விரல்)

குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணை அழைக்கப் பலரும் தயங்க ஒரு காரணம் உண்டு. போன் செய்தால் உடனே "பெட்டியைக் கட்டு, புகார் கொடு" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அது. பொறுப்பான சேவை எதுவும் அப்படிச் சொல்லாது. இருப்பதா கிளம்புவதா என்று முடிவே எடுக்காதவரும் அழைக்கலாம். அடி விழவில்லை, ஆனால் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், போனை நோண்டுகிறார், யாரோடும் பேச விடுவதில்லை என்றாலும் அழைக்கலாம். ஆண்களும்தான்.

தனியாகப் பேச முடிகிறதா என்று மறுமுனையில் முதலில் கேட்டுக்கொள்வார்கள். பிறகு, ஆபத்து எவ்வளவு என்று கணிக்கச் சில கேள்விகள் வரும். கழுத்தை நெரித்திருக்கிறாரா என்பது அதில் முக்கியமானது. துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு அதிகம் என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. வெளியே தழும்பே இல்லாமலும் உள்ளே காயம் இருக்கலாம். அதனால் மருத்துவரைப் பார்க்கவும் சொல்வார்கள்.

(திரையில்: "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்?")

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆனால் பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் வாரங்களும்தான் ஆபத்து கூடும் காலம். ஆகவே உதவி எண்ணின் ஆலோசகர், அழைத்தவரோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்று போடுவார். அடையாளச் சான்றுகளின் நகல் யாரிடம் இருக்கும், பக்கத்து வீட்டாருக்கு எந்தச் சொல் சொன்னால் போலீஸை அழைப்பார்கள், பிள்ளைகள் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். போனில் லொக்கேஷன் பகிர்வு இருந்தால் சட்டென்று அணைத்துவிடக் கூடாது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். உதவி தேட வேறொருவர் போனைப் பயன்படுத்துவது நல்லது.

தங்கும் காப்பகம் பலரும் அறிந்த சேவை. லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971இல் பெண்கள் கூடிப் பேசத் திறந்த ஒரு வீடு, ஓடிவந்தவர்கள் தங்கும் இடமாகவே மாறியது. இன்று காப்பகங்கள் பலவும் முகவரியை வெளியிடுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் அது சரிப்படாது. வளர்ந்த மகனைச் சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள். அப்போது பாதுகாப்பு உத்தரவு பெற்று வன்முறை செய்தவரை வெளியேற்ற முடியுமா என்று பார்ப்பார்கள்.

இதைவிடக் களைப்பான விஷயம், ஒவ்வொரு அலுவலகத்திலும் கதையை முதலிலிருந்து சொல்வது. வேல்ஸின் கார்டிஃபில் 2003இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். போலீஸ், மருத்துவம், வீட்டுவசதி, குழந்தைகள் நலம் என்று எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் கூடி, கடும் ஆபத்தில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவார்கள். பாதிக்கப்பட்டவர் அங்கே வர வேண்டியதில்லை. அவர் சார்பில் அவருடைய ஆலோசகர் பேசுவார்.

அடி வாங்காத பிள்ளைக்கும் கவுன்சலிங் தேவைப்படலாம். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குக் கேட்கும்.

"இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கலாமே" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பயத்தில் இருப்பவர், வன்முறை செய்பவரின் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னால், அதற்கான தண்டனை வீட்டில் காத்திருக்கும். வன்முறை செய்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1981இல் தொடங்கிய திட்டம் அந்த வழியில் முன்னோடி.

(திரையில்: உள்ளங்கை, மடங்கும் கட்டைவிரல், அதன்மேல் மூடும் நான்கு விரல்கள்)

வீடியோ அழைப்பில் யாராவது இப்படிக் கை காட்டினால், 2020இல் கனடாவில் அறிமுகமான உதவிச் சைகை அது. முகத்தில் எதையும் காட்டாதீர்கள். பேச்சை இயல்பாகத் தொடருங்கள். பிறகு பாதுகாப்பான வழியில், ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாகக் கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண். இல்லையென்றால் நீங்களே உதவி எண்ணை அழையுங்கள். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அவர்கள் வழி சொல்வார்கள்.