காளானுக்கு எந்தச் சட்டம்?

நண்பர்களே, காளானை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை அது. காளான் கெட்டிருக்காது, ஆனால் அந்த நிறத்தைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? பட்டன் காளானில் இந்த நொதிக்கான மரபணுக்கள் ஆறு இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யினோங் யாங் என்ற ஆய்வாளர், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அவற்றில் ஒன்றை மட்டும் முடக்கினார். சில டி.என்.ஏ. எழுத்துகள் நீங்கின, நொதியின் செயல்பாடு சுமார் 30 சதவீதம் குறைந்தது. வேறு உயிரியின் மரபணு எதுவும் உள்ளே போகவில்லை.

2016 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை அவருக்கு ஒரு கடிதம் எழுதியது. கிரிஸ்பர் காளானுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று பேச்சு பரவியது. கடிதம் சொன்னதோ வேறு. அந்தத் துறை வைத்திருந்த விதி, பயிர்களைத் தாக்கும் உயிரிகளைப் பற்றியது. இந்தக் காளானில் அப்படிப்பட்ட உயிரியின் டி.என்.ஏ. இல்லை, ஆகவே இது எங்கள் விதிக்குள் வராது என்றது கடிதம். சாப்பிட உகந்ததா என்று அந்தத் துறை சோதிக்கவே இல்லை. அது அதன் வேலையும் இல்லை. "அனுமதித்தோம்" என்பதும் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பதும் ஒன்றா?

ஐரோப்பாவில் கதை தலைகீழ். 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், மரபணுத் திருத்தம் செய்தவையும் மரபணு மாற்றுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. ஆனால் விதைகளைக் கதிர்வீச்சில் வைத்து, எங்கே என்ன மாறியது என்று தெரியாமலே தேர்ந்தெடுத்த பழைய ரகங்களுக்கு விலக்கு உண்டு. அவற்றை நெடுநாள் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் இருக்கிறது என்பது காரணம். சரி, நியாயம்தான். அப்புறம் 2023-ல் ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்த ஒரு வரைவு கொண்டுவந்தது, செடிகளுக்கு மட்டும். காளான் செடி இல்லையே, பூஞ்சை ஆயிற்றே!

பூஞ்சைகளில் மரபணு மாற்றம் இத்தனைக்கும் புதிது கிடையாது. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கும் கைமோசின் நொதி ஒரு காலத்தில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்தது. கன்றின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துத் தயாரித்த கைமோசினுக்கு 1990-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் போன்ற பூஞ்சைகளும் ஈஸ்டும் அதைச் செய்கின்றன. எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. மூடிய கலனுக்குள் நடக்கிறது, வெளியே வருவது வடிகட்டிய நொதி மட்டும்.

என் பார்வையில், விதி எழுதுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உயிரி எங்கே வளர்கிறது, எப்படிப் பரவும்? பட்டன் காளான் அறைக்குள் வளர்கிறது. அடிப்புறச் சவ்வு திறந்து வித்துகள் உதிரும் முன்பே அறுவடை செய்துவிடுகிறார்கள். வயலில் மண்ணோடு கலந்து விடும் பூஞ்சை அப்படியல்ல. அதன் வித்து காற்றில் போகும், தன் இனத்துக் காட்டுப் பூஞ்சைகளோடு கலக்கவும் கூடும். இரண்டையும் கிரிஸ்பரால் திருத்தியிருக்கலாம், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

கனடா செடிகளுக்கு ஏறக்குறைய இந்த வழியில் போகிறது. எந்த முறையில் உருவானது என்பதைவிட, பண்பு புதிதா என்றே பார்க்கிறார்கள். கதிர்வீச்சில் பிறந்த ரகமும் அதில் சிக்கும். எந்தப் பண்பு புதிது என்பதை முதலில் விதை நிறுவனமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் எனக்குச் சற்று உறுத்தல்.