உச்சி வெயிலுக்கு ஒரு விலை

(இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் நடைபெற்ற கூட்டுறவு தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இச்சபைக்குத் தலைமை தாங்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, ஆலயங்களின் வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரே, சம்மாந்துறையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வந்திருக்கும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளே, வட்டவிதானைமாரே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். சிறுபோக வேலைகள் கழுத்துவரை இருக்கும் நாட்களில் பிரதேச செயலாளர் அவர்கள் தமது அலுவல்களை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார். திருவிழா ஆயத்தங்களுக்கு நடுவிலும் இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த வண்ணக்கர் ஐயாவுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மின்சாரத்தின் விலை, அதை உண்டாக்க வாங்கும் கடனின் வட்டி, எரிபொருளின் புகைக்கு விதிக்கும் கார்பன் வரி ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதைவிடத் தெளிவாக இந்தப் பொருளியலை எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதில் எரிக்கும் நிலக்கரியில் ஒரு துண்டுகூட இந்நாட்டு மண்ணில் வெட்டப்பட்டதன்று. ஒவ்வொரு கப்பலுக்கும் டொலர் கொடுத்தாக வேண்டும். டொலர் இல்லாமற்போன 2022ஆம் ஆண்டில், நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்தோம். இதுவே இறக்குமதி எரிபொருளின் கணக்கில் எழுதப்படாத செலவு. இன்னொரு செலவு புகைபோக்கிக்கு மேலே போய்விடுகிறது. அதை எரித்தவர் கட்டுவதில்லை, மழை தவறிய போகத்திலும் வெள்ளம் புகுந்த வயலிலும் நின்று நாம் கட்டுகிறோம். பிறர் தலையில் விழும் இத்தகைய செலவை வரியாக்கி, உண்டாக்கியவரிடமே அறவிட வேண்டும் என்று பிகு என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1920ஆம் ஆண்டிலேயே எழுதினார். சுவீடன் 1991இலிருந்து கார்பன் வரி அறவிட்டு வருகிறது. வரியைப் பற்றி விரிவாகப் பேச இடமுண்டு. ஆனால் இன்று அதை இவ்வளவோடு நிறுத்துகிறேன். நமது ஊரில் நடந்த ஒன்றை நீங்கள் கேட்க வேண்டும்.

2022 சித்திரை மாதம். பெரும்போக நெல் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் குவிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆலைக்காரர் ஒருவர், புழுங்கலுக்காக நெல்லைத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார். மின்சாரம் போனது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடிப் பிள்ளைகளை வரிசைக்கு அனுப்பினார். மூத்தவன் இரவு நின்றான், இளையவன் பகல் நின்றான், இருவரும் வெறுங்கலனோடு திரும்பினார்கள். தொட்டியிலிருந்து புளித்த வாடை தெருமுனை வரை வரத் தொடங்கியது. நெல் அவருடையதுமல்ல, அரைத்து வாங்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது: இரண்டு தெரு தள்ளி, வெளிநாட்டில் உழைத்து வந்த ஒருவர் கூரை நிறையச் சூரியத் தகடு பதித்திருந்தார். உச்சி வெயிலில் நடந்துபோய், “தம்பி, உங்கட கூரையில இருந்து ஒரு வயர் இழுத்துத் தாங்க, எவ்வளவு காசெண்டாலும் தாறன்” என்று கேட்டார். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உள்ளே மின்விசிறி நின்றிருந்தது. வயதான தாயார் ஓலை விசிறியோடு இருந்தார். “காக்கா, வெயில் இருக்கு, தகடு இருக்கு, எனக்கே கரண்ட் இல்ல!”

அதில் பழுது எதுவும் இல்லை. மின்கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க, மின்சார சபையின் மின்சாரம் நின்றவுடன், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றதாக மாற்றும் இன்வேட்டரும் நின்றுவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. பற்றரி இருந்திருந்தால் நிலைமை வேறு. அந்த ஊறல் நெல் மாட்டுக்குப் போனது.

மூன்று ஆண்டு கழித்து நிலைமை தலைகீழானது. 2025 புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி மின்தேவை குறைந்திருந்ததால், கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணி வரை அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஒரு காலத்தில் இல்லாமல் அழுகிய நெல்லும், ஒரு காலத்தில் வேண்டாமென்று அணைத்த வெயிலும் ஒரே நாட்டில்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். நாமோ வெயிலை அளக்காமலே ஆற்றில் விட்டோம். தொழில் நுகர்வோருக்கான நேரவாரிக் கட்டணம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான நேரத்தையே மலிவாக்கி வகுக்கப்பட்டது. சூரிய மின்சாரம் பெருகாத காலத்தில் அது சரி. இன்று மிகுந்து கிடப்பது நண்பகலில். நண்பகல் மலிந்தால் அரிசி ஆலையும் ஐஸ் தொழிற்சாலையும் பகலில் ஓடும். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் நம் கரையோரத்தில் மழை ஓய்ந்து வெயில் ஏறுகிறது. நெல் வரும் நேரமும் வெயில் வரும் நேரமும் ஒன்றாக இருப்பது இந்த மண்ணுக்குக் கிடைத்த கொடை.

இனி வட்டி. அனல்மின் நிலையம் குத்தகைக் காணி போன்றது, போகத்துக்குப் போகம் அளந்துகொண்டே இருக்க வேண்டும். சூரியத் தகடு விலைக்கு வாங்கிய காணி, முதலில் ஒருதரம் கட்டினால் எரிபொருட் செலவு என்று ஒன்றில்லை. ஆகவே முழுச் சுமையும் முதலீட்டிலும் அதன் வட்டியிலும் விழுகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில், வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, தகட்டின் விலை உலகில் எவ்வளவு குறைந்திருந்தும் சிறிய மனிதருக்கு அது எட்டாமற்போனது. மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனிக் காற்றாலைப் பூங்காவை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபையே கட்டி உரிமையாக்கிக்கொண்டது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் நீண்ட காலக் கடன், சம்மாந்துறையின் சிறு ஆலைக்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? தனியாளாகப் போனால் கிடைக்காது. சங்கமாகப் போனால் கேட்க முடியும். பல ஆண்டுகளாக நான் மேடைதோறும் மன்றாடுவது இதைத்தான்: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தமது களஞ்சியக் கூரைகளில் தகடு பதிக்கட்டும், பற்றரியைப் பொதுவாக வாங்கட்டும், அந்த மின்சாரத்தில் உறுப்பினரின் நெல் அரைபடட்டும், இலாபம் கொழும்புக்குப் போகாமல் உறுப்பினரின் பங்குக் கணக்கில் சேரட்டும்.

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசு அறிவித்த இலக்கு. அந்த இலக்கில் நமது ஆலைகளின் பங்கு என்னவென்று கேட்டுப் பிரதேச செயலாளர் அவர்களிடம் இன்றே ஒரு மனுவைக் கையளிக்கிறோம். மனுவில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன: காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஆலைகளுக்குச் சலுகைக் கட்டணம், சங்கங்களின் பற்றரிக்கு நீண்ட காலக் குறைந்த வட்டிக் கடன். ஆலை வைத்திருப்போர் ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டு மின்பட்டியல்களின் பிரதிகளை வாசலில் இருக்கும் சங்கச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அந்த அளவுகள் கையில் இருந்தால்தான் எவ்வளவு தகடு, எவ்வளவு பற்றரி என்று வங்கியிடம் பேச முடியும்.