கிற்றாரின் கழுத்தும் வாசிப்பவரின் கையும்

வணக்கம் நேயர்களே.

கிற்றார் வாங்குவதற்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பெயரையும் விலையையும் நிறத்தையும் பற்றியே கேட்கிறார்கள். ஒலியைப் பற்றிக் கேட்பவர்கள் சிலர், கழுத்தைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலர். வாத்தியத்தை மடியில் எடுத்த கணத்திலிருந்து கீழே வைக்கும் வரை இடது கை பற்றியிருப்பது அந்தக் கழுத்தையே. தந்தியை மாற்றலாம், தந்தியின் உயரத்தைக் குறைக்கலாம், சுருதி கூட்டும் முறுக்காணியைக்கூடப் புதிதாகப் பூட்டலாம். ஆனால் கழுத்தின் பின்புற வளைவை மரத்தைச் சீவாமல் மாற்ற முடியாது. ஆகவே கடையில் முதலில் ஆராய வேண்டிய பகுதி அதுவே என்பது என் கருத்து. இன்றைய உரையில் அதைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

கழுத்து 'பெரிது' என்றும் 'சிறிது' என்றும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அகலம், தடிப்பு, பின்புற வளைவு என்று தனித்தனியான அளவுகள் அங்கே உண்டு. ஒன்றில் வரும் இடைஞ்சலை இன்னொன்றின் குற்றமாக எண்ணுவதால்தான் பொருந்தாத வாத்தியத்தைப் பலர் வாங்கிவிடுகிறார்கள். முதலில் அகலத்தை எடுத்துக்கொள்வோம். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஊன்றி நிற்கும் எலும்பு அல்லது பிளாஸ்ரிக் துண்டை நட் என்கிறோம். அகலம் அந்த இடத்திலேயே அளக்கப்படுகிறது. நைலோன் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிற்றாரில் அது வழமையாக 52 மில்லிமீற்றர். உருக்குத் தந்தி பூட்டிய கிற்றார்களில் 43 முதல் 44.5 வரை, மின் கிற்றார்களில் 42 அல்லது 43. கேட்பதற்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆயினும் 43 மில்லிமீற்றர் நட்டில் ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் இடையே ஏறத்தாழ 7 மில்லிமீற்றரே இருக்க, 52 மில்லிமீற்றர் நட்டில் அது எட்டரைக்குக் கிட்டிவிடுகிறது. தடித்த விரலுடையவர் ஒரு தந்தியை அழுத்தும்போது பக்கத்துத் தந்தியின் ஓசை அடைபட்டுப் போவதும் போகாமல் இருப்பதும் இந்த ஒன்றரை மில்லிமீற்றரில் தங்கியிருக்கலாம்.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு சொல். நைலோன் தந்தி பிள்ளையின் விரல் நுனியை நோகச் செய்யாது என்ற எண்ணத்தில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முழு அளவுக் கிளாசிக்கல் கிற்றாரை வாங்கிக் கொடுப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். தந்தி மென்மையானது என்பது சரி; ஆனால் அந்த அகலத்தைச் சுற்றி அப்பிள்ளையின் விரல் மிகத் தடித்த ஆறாவது தந்தியை எட்டாது, எட்டுவதற்காக மணிக்கட்டை வளைக்கும் பழக்கம் வந்துவிடும். முக்கால் அளவுக் கிளாசிக்கல் கிற்றார்களில் நட்டின் அகலம் ஏறக்குறைய 48 மில்லிமீற்றராகவும், அதிரும் தந்தியின் நீளம் 650க்குப் பதிலாக 580 மில்லிமீற்றர் அளவிலும் இருக்கும். வளர்ந்த பின் பெரியதை வாங்கலாம். வளைந்த மணிக்கட்டை நிமிர்த்துவது அதைவிடச் சிரமம்.

அடுத்தது தடிப்பு. பழைய கிற்றார்களின் கழுத்துகள் தடிப்பாக இருந்ததற்குக் காரணம் அக்காலத்தவரின் கைகள் பெரியவை என்பதன்று. உருக்குத் தந்திகள் ஆறையும் சுருதி கூட்டியதும் கழுத்தின் மேல் ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுவிசை விழுகிறது. மரம் தனித்து நின்று அதைத் தாங்க வேண்டுமானால் அது தடிப்பாக இருந்தே ஆக வேண்டும். 1920களின் தொடக்கத்தில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தடேயஸ் மக்ஹியூ, கழுத்துக்குள் புதைத்து முறுக்கிச் சீர்செய்யக்கூடிய உருக்குக் கம்பி ஒன்றை வடிவமைத்தார். டிரஸ் றொட் எனப்படும் அந்தக் கம்பி வந்த பின்புதான் கழுத்தை மெலிதாக்கத் துணிவு பிறந்தது. எல்லோரும் உடனே அதைப் பின்பற்றவில்லை. மார்ட்டின் நிறுவனம் சீர்செய்யக்கூடிய கம்பிக்கு மாறியது 1985 அளவில்தான். நைலோன் தந்தியின் இழுவிசை உருக்கில் ஏறத்தாழப் பாதியே என்பதால் கிளாசிக்கல் கிற்றார்கள் பலவற்றில் இன்றும் அந்தக் கம்பி இல்லை.

இன்று விற்பனைக்கு வரும் கிற்றார்களில், முதலாவது பிறெற் (விரல் அழுத்தும் பக்கத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) அருகே அளந்தால், தடிப்பு பெரும்பாலும் 20 முதல் 23 மில்லிமீற்றருக்குள் அடங்கும். பென்டர் நிறுவனம் 1950களின் ஆரம்பத்தில் செய்த ரெலிகாஸ்ரர் மின் கிற்றார்களில் அது 25 மில்லிமீற்றரை எட்டியது. விரைவாக வாசிப்பவர்களுக்காக ஐபனெஸ் நிறுவனம் செய்த விசர்ட் கழுத்தோ 17 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கியது. கை இந்த வேறுபாட்டைக் கண் காண்பதற்கு முன்பே கண்டுகொள்ளும்.

இனிப் பின்புற வளைவு. கழுத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவத்துக்கு ஆங்கில எழுத்துகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். சீ வடிவம் சீராக உருண்டது. இன்றைய கிற்றார்களில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. டீ வடிவத்தில் நடுப்பகுதி சற்றுத் தட்டையாகி, ஓரங்கள் விரைந்து வளையும். யூ வடிவத்தில் தோள்கள், அதாவது நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதிகள், பருத்து உள்ளங்கை நிறையும். வீ வடிவத்தில் நடுவே ஒரு முகடு ஓடும். அந்த முகடு கூர்மையாக இருந்தால் வன்வீ என்றும், மழுங்கியிருந்தால் மென்வீ என்றும் கொள்ளலாம். ஒரே தடிப்புடைய சீயும் யூவும் கையில் வேறுவேறாகவே இருக்கும், ஏனெனில் விரல்களின் அடிப்பகுதியில் படுவது நடுவல்ல, தோள்.

இணையத்தில் பழைய வாத்தியம் தேடுபவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பென்டர் நிறுவனம் 1960களில் கழுத்தின் அடிக்கட்டையில் ஏ, பீ, சீ, டீ என்று பொறித்த எழுத்துகள் நட்டின் அகலத்தைக் குறித்தவை. அவற்றுக்கும் நான் இப்போது சொன்ன பின்புற வடிவங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'சீ கழுத்து' என்று விற்பவர் சொன்னால் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

சிறிய கை உடையவருக்கு மெல்லிய கழுத்தே பொருந்தும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. கழுத்து மிக மெலிந்தால் உள்ளங்கைக்குத் தாங்குவதற்கு எதுவும் இராது. பெருவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கிப் பிடிக்கத் தொடங்கும். பெருவிரலின் அடித்தசை கடுகடுக்கும். மண்வெட்டியின் பிடி அளவுக்கு மேல் மெலிந்தால் கை எவ்வளவு விரைவில் சோர்ந்துவிடும் என்பதைத் தோட்டம் கொத்தியவர்கள் அறிவார்கள். தனித்தந்தியில் விரைந்து ஓடும் வாசிப்புக்கு மெல்லிய கழுத்து உதவுவது உண்மையே. ஆனால் ஆலயப் பாடகர் குழுவில் திருப்பலி முழுவதும் கோட் (பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் விரற்பிடி) பிடித்து வாசிக்கும் ஓர் இளைஞருக்கு, கை சிறியதாக இருந்தாலும், 21 அல்லது 22 மில்லிமீற்றர் தடிப்புள்ள சீ வடிவமே பெரும்பாலும் இளைப்பாறுதல் தரும். சிறிய கைக்கு இடைஞ்சல் தருவது அநேகமாக அகலமே. பழியோ தடிப்பின் மேல் விழுகிறது.

கையின் பருமனைவிடப் பெருவிரல் நிற்கும் இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கிளாசிக்கல் முறையில் பயின்றவர் பெருவிரலைக் கழுத்தின் நடுமுதுகில் ஊன்றி, மற்ற விரல்களை வளைத்துத் தந்திகளின் மேல் இறக்குவார். அவருக்குத் தட்டையான முதுகு, அதாவது டீ வடிவம், உறுதியான தளமாக அமையும். வீ வடிவத்தின் முகடு அதே இடத்தில் உறுத்தும். நாட்டார் பாடல்களுக்கும் சினிமாப் பாடல்களுக்கும் நின்றுகொண்டு வாசிப்பவர்களில் பலர் கழுத்தை உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலை மேல் ஓரத்துக்கு வெளியே விட்டிருப்பார்கள். அமெரிக்க றொக் கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆறாவது தந்தியையே பெருவிரலால் அழுத்தி வாசித்தவர். அப்படிப் பிடிக்கும் கைக்கு மென்வீ வடிவம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் இயல்பாகப் படியும். ஆசிரியர்கள் சிலர் இப்பிடியைத் தவறென்று கண்டிப்பார்கள். இசை வகையைப் பார்க்காமல் அவ்வாறு கண்டிப்பது நியாயமன்று.

கழுத்தின் முன்புறமும் எல்லாக் கிற்றார்களிலும் ஒரே விதமானதன்று. விரல்கள் தந்தியை அழுத்தும் அந்த முகப்பே விரற்பலகை; கிளாசிக்கல் கிற்றாரில் அது வழமையாகத் தட்டையாக இருக்கும். மற்றவை ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வட்டத்தின் ஆரை பழைய பென்டர் கிற்றார்களில் ஏழேகால் அங்குலம், கிப்சனில் 12 அங்குலம், மார்ட்டினில் 16 அங்குலம். ஆரை சிறிதானால் வளைவு கூடும். கோட் பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்தும்போது, அது வளைவின் உச்சியைக் கடக்கையில் அடுத்த பிறெற்றில் முட்டி ஓசை அறுந்துபோகும். கர்நாடக இசை கற்ற பின் கிற்றாருக்கு வருகிறவர்கள், மருதனார்மடத்திலும் வேறிடங்களிலும் வீணையோ வயலினோ பயின்றவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். கமகத்துக்காகத் தந்தியை இழுப்பவர்களுக்கு 12 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஆரையே உகந்தது. 1970களில் இந்திய இசையையும் மேலை இசையையும் இணைத்த சக்தி குழுவில் ஆங்கிலேயக் கலைஞர் ஜோன் மக்லோக்லின் வாசித்த கிற்றாரில் பிறெற்றுகளுக்கு இடையே மரமே குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தில் உரசாமல் தந்தியை மட்டும் தொடுவதால் இழுப்பது எளிதாகும். அக்குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க என்னால் முடியவில்லை.

கடைக்குச் சென்றதும் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். கழுத்தைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் பன்னிரண்டாவது பிறெற்றில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உருக்குத் தந்திக் கிற்றாரில் ஆறாவது தந்தி அங்கே இரண்டரை மில்லிமீற்றர் அளவில் இருப்பது நலம். மலிவான புதிய கிற்றார்கள் பல அதைவிட உயரமாகவே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. அப்போது எந்தக் கழுத்தும் கொடியதாகவே தோன்றும். உயரத்தைப் பழுது பார்ப்பவர் குறைத்துவிடலாம். ஆகவே விரல் நுனி நோகிறதா, உள்ளங்கையும் பெருவிரலும் நோகின்றனவா என்று பிரித்து அறிய வேண்டும். முன்னது தந்தியின் உயரத்தால் வருவது, பின்னது கழுத்தின் வடிவத்தால் வருவது.

அதன்பின் நீங்கள் வழமையாக வாசிக்கும் நிலையிலேயே அமர்ந்துகொள்ளுங்கள், அல்லது வார் பூட்டி நில்லுங்கள். முதலாவது பிறெற்றில் சுட்டுவிரலை முழுவதும் கிடத்தி எஃப் மேஜர் கோட்டைப் பிடியுங்கள்; நட்டுக்கு அருகில் என்பதால் அதுவே கடினமான இடம். அதே வடிவத்தை ஐந்தாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நகர்த்துங்கள், ஏனெனில் கழுத்து உடலை நெருங்க நெருங்கத் தடிக்கும், சிலவற்றில் எதிர்பாராத அளவுக்குத் தடிக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடமாவது விடாமல் வாசியுங்கள். முதல் நிமிடத்தில் இனிக்கும் மெல்லிய கழுத்து பத்தாவது நிமிடத்தில் தன் குணத்தைக் காட்டும். இன்னும் வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஆனால் கழுத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டியது வாங்குபவரின் கையே.

நம் காலநிலையை ஒட்டி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியர்க்கும் கை, கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சுள்ள கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். மினுக்கம் குறைந்த பூச்சில் வழுக்கிச் செல்லும். ஒரே வடிவமுள்ள இரண்டு கழுத்துகளில் ஒன்று மெலிதாகவும் மற்றது தடிப்பாகவும் தோன்றுவதற்கு இந்தப் பூச்சே காரணமாக இருப்பதுண்டு. மேலும் மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, கோடையில் உலர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பிறெற்றுகளின் முனைகள் ஓரத்தில் துருத்தி நிற்கும். விரலால் கழுத்தின் இரு ஓரங்களையும் நீளத்துக்குத் தடவிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வரும் வாத்தியங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது கிற்றார் ஒன்றைக் கொண்டுவருவது இங்கே வழமையாகிவிட்டது. வாசிக்கப்போகிறவர் தொட்டுப் பார்க்காமலே அது தெரிவு செய்யப்படுகிறது. அவ்வாறு வரவழைப்பவர்கள், இங்கே தம் கைக்குப் பழகிப் பிடித்துப்போன ஒரு கிற்றாரை முதலில் அளந்துகொள்ள வேண்டும்: நட்டின் அகலம், முதலாவது பிறெற்றிலும் பன்னிரண்டாவதிலும் கழுத்தின் தடிப்பு, பின்புற வடிவம், விரற்பலகையின் ஆரை. தடிப்பை அளக்க வேணியர் இடுக்கிமானி போதும். தந்திகளைத் தளர்த்திவிட்டு அளந்தால் துல்லியமாக இருக்கும். இந்த எண்களை உறவினருக்கு அனுப்பி, வாங்க நினைக்கும் வாத்தியத்தின் விவரக் குறிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். அகலமும் ஆரையும் குறிப்பில் பெரும்பாலும் இருக்கும்; பன்னிரண்டாவது பிறெற்றின் தடிப்பு அடிக்கடி விடுபட்டுப் போகும், ஆகையால் அதை மட்டும் கடைக்காரரையே அளந்து சொல்லும்படி கேட்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.