ஒரே பெயர், இரண்டு புரதங்கள்

வணக்கம். ஆய்வகக் குளிர்பெட்டியில் விரல் நுனி அளவுக் குப்பி ஒன்று இருக்கும். அதற்குள், ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி சில துளி, மேலே 'டிடிஎஃப்1' என்று ஒரு சீட்டு. இன்றைக்குப் பேச்சு அந்தச் சீட்டைப் பற்றித்தான்.

டிடிஎஃப்1 என்பது படியெடுத்தலை, அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் வேலையை, முடித்துவைக்கும் புரதம். ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுக்கள் நம் செல்லில் நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆர்என்ஏ பாலிமரேஸ் 1 என்ற நொதி அவற்றைப் படியெடுத்துக்கொண்டே ஓடும். நிறுத்த ஆள் இல்லாவிட்டால் அடுத்த மரபணுவின் பக்கம் போய்விடும். மரபணு முடிகிற இடத்தில் டிஎன்ஏவை இறுகப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்துவது இந்தப் புரதம். 1980களில் ஜெர்மனியில் இங்க்ரிட் க்ரும்ட்டின் குழு சுண்டெலிச் செல்களை வைத்து இதைக் கண்டறிந்தது.

சரி, சிக்கல் எங்கே? தைராய்டு, நுரையீரல் செல்களில் மரபணுக்களை இயக்கும் வேறொரு புரதத்துக்கும் டிடிஎஃப்-1 என்றே பெயர். நுரையீரல் புற்றுநோய்த் திசுவைச் சோதிக்கும் நோயியல் மருத்துவர்கள் அன்றாடம் தேடுவது அதைத்தான். மரபணுப் பட்டியலில் அதற்கு என்கேஎக்ஸ்2-1 என்று தனிப்பெயர் உண்டு, ஆனால் பழைய பெயர் விட்டபாடில்லை. இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. ஒன்றின் மரபணு 9ஆம் குரோமோசோமில், மற்றதன் மரபணு 14ஆம் குரோமோசோமில்.

நானே ஒருமுறை அவசரத்தில் மாற்றி வாங்கியிருக்கிறேன். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி பிடிப்பதைப் பட்டையாகக் காட்டும் சோதனைதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் பட்டை அழகாக, ஒற்றையாக வந்தது. என்ன, 40 கிலோடால்டன் பக்கத்தில் வந்தது! எனக்கு வேண்டிய புரதத்தில் 905 அமினோ அமிலங்கள். எடை 103 கிலோடால்டன் அளவு. பட்டை ஜெல்லின் மேல்பகுதியில் நின்றிருக்க வேண்டும். தைராய்டுக்காரருக்கு 371தான்.

அளவு சரியாக இருந்தாலும் நான் உடனே நம்புவதில்லை. நுண்ணோக்கியில் ஒளிரும் இடத்தைப் பார்ப்பேன். முடித்துவைக்கும் புரதம், செல்லின் உட்கருவுக்குள் ரைபோசோம் ஆர்என்ஏ உருவாகும் இடமான நியூக்ளியோலஸில் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். அப்புறம், குறுக்கீட்டு ஆர்என்ஏ கொடுத்து அந்தப் புரதத்தையே செல்லில் குறைத்துவிட்டு, திரும்ப ஒரு பிளாட். பட்டை மங்கினால்தான் நிம்மதி. மங்காவிட்டால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒரு வாரம் போகும், போகட்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. சரியான ஆன்டிபாடியால் இந்தப் புரதத்தை, அது பிடித்திருக்கும் டிஎன்ஏ துண்டோடு சேர்த்தே வெளியே இழுக்கலாம். அப்படி இழுத்துப் பார்த்தபோது மரபணுவின் கடைசிப் பகுதி வந்தது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே, படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் துண்டும் வந்தது. முடித்துவைப்பதற்கென்று பெயர் வாங்கிய புரதம் வாசலிலும் உட்கார்ந்திருக்கிறது. மரபணு திறப்பதிலும் மூடுவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.